ஆமாம், நான்தான் செய்தேன்

“இதெல்லாம் நீயே செய்ததா?” என்று, நான் ஆபீஸுக்குக் கொண்டுபோன தமாலெஸ் என்ற சோளமாவுப் பலகாரத்தைப் பார்த்து டைரக்டர் கேட்டார். “ஆமாம், நான்தான் செய்தேன். சோளம் வேகவைத்ததிலிருந்து எல்லாமே வீட்டில்தான்” என்றேன். நடந்தது அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

“நான்தான் செய்தேன்” என்றதுகூடப் பரவாயில்லை. யாராவது கேட்டால் சட்டென்று வாயில் வருவதுதான். அதற்குப் பிறகு சொன்னதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். அப்போது டோன்யா எனக்குப் பின்னால் நாலடி தள்ளி, காலித் தட்டுகளையும் சோளத் தோகைகளையும் கறுப்புப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மெக்சிகோவில், குவாதலஹாராவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். ஜனவரி 6 அன்று ஆபீஸில் ரோஸ்கா வெட்டுவார்கள். வளையம்போல இருக்கும் அந்த இனிப்பு ரொட்டிக்குள் குட்டிக் குட்டிக் குழந்தை பொம்மைகள் ஒளிந்திருக்கும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர்கள் பிப்ரவரி 2, கண்டெலாரியா பண்டிகை அன்று எல்லோருக்கும் தமாலெஸ் தர வேண்டும். அந்த வருஷம் மூன்று பேருக்கு வந்தது, அதில் நான் ஒருத்தி. மற்ற இரண்டு பேரும் அன்றைக்கே கடையில் சொல்லிவைத்துவிட்டார்கள். நான் வீட்டிலேயே செய்கிறேன் என்றேன். பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பதுதானே, கொழுக்கட்டை செய்கிற கைக்கு இது வராதா என்று நினைத்தேன்.

டோன்யா எங்கள் மாடியைச் சுத்தம் செய்தவர். டோன்யா என்பது பெயர் இல்லை, வயதில் மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். ஏஜென்சி ஆள், எங்கள் கம்பெனி ஆள் இல்லை. நான் பாண்ட்ரியில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, “பாக்கெட் மாவிலா செய்யப்போகிறீர்கள், இன்ஹெனியேரா?” என்று கேட்டார். இன்ஜினியர் படித்த பெண்ணை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆமாம் என்றதும் தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சேர்ந்து செய்யலாம் என்று அவராகத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்: நான் கேட்கவில்லை, அவராகத்தான் வந்தார்.

சனிக்கிழமை ராத்திரி செய்ய வேண்டியதைப் போனில் சொன்னார். 2 கிலோ வெள்ளை மக்காச்சோளம், 2 மேசைக்கரண்டி சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்புதான், இங்கே சமையலுக்கென்று பொடியாக விற்கிறார்கள். அதைக் கரைத்த தண்ணீரில் சோளத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டதும் தண்ணீர் மஞ்சளாக மாறியது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரின் வாசனை சமையலறையில் எழுந்தது. ஒரு மணியை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு விடியும்வரை அப்படியே ஊறவிடு என்றார். இதற்குப் பெயர் நிஷ்தமால். வெறும் சோளமாவு கையில் நிற்காமல் உதிர்ந்து போகும், சுண்ணாம்பில் வெந்த சோளம்தான் பிசைந்தால் சேரும். சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர்வதற்கும் இந்தச் சுண்ணாம்புதான் காரணம். இந்த ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் செய்துவந்ததை ஐரோப்பாவுக்குச் சோளம் கொண்டுபோனவர்கள் கற்றுக்கொண்டு போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் அந்த வைட்டமின் குறைவால் பெலாக்ரா என்ற நோய் வந்தது. இதை நான் பிறகுதான் படித்தேன். பொருளை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டுப் போவது என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்தேன். எழுதும்போது யாரை நினைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு வந்துவிட்டார். வாசலிலேயே கன்னத்தோடு கன்னம் வைத்து, “தூங்கினாயா, மிஹா?” என்றார். மிஹா என்றால் என் மகளே. ஸ்பானிஷிலும் நம்மைப்போல நீ, நீங்கள் உண்டு. ஆபீஸில் எனக்கு எப்போதும் ‘நீங்கள்’தான். என் வீட்டு வாசலைத் தாண்டியதும் ‘நீ’ வந்துவிட்டது. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்மாவைப் பார்த்து அப்போது 14 மாசம் ஆகியிருந்தது.

சோளத்தைக் கழுவி வாளியில் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு மில்லுக்குப் போனோம். தீபாவளி நேரத்து மாவு மில் மாதிரி வாளியும் கையுமாக வரிசை. “தமாலுக்கு” என்று ஒரே வார்த்தை சொன்னார், மில்காரர் கல்லைக் கொஞ்சம் தளர்த்தி ரவைப் பதத்தில் அரைத்துக் கொடுத்தார்.

அப்புறம் மன்டேகா, அதாவது பன்றிக் கொழுப்பு. எங்கள் வீட்டில் அது புழங்கியதே இல்லை. எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டேன், ஊற்றலாம், ஆனால் அது தமால் இல்லை என்றார். சரி என்றேன். கிலோ மாவுக்கு 300 கிராம் கணக்கு. முதலில் கொழுப்பை மட்டும் கையால் அடிக்க வேண்டும், வெள்ளையாகி இரண்டு மடங்காகப் பொங்கும்வரை. பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கோழி வேகவைத்த தண்ணீரை விட்டு விட்டு மறுபடி அடிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. “உட்கார், மிஹா, தோகையைத் துடை” என்று பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் நிறுத்தவே இல்லை. வாரம் பூராவும் மாப் பிடித்த தோள் அது. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளிப் போட்டார். அது அடிக்குப் போய், ஒரு கணம் நின்று, மெதுவாக மேலே வந்து மிதந்தது. அவர் என்னைப் பார்த்தார். கூப்பிட்டுக் காட்டவில்லை, சும்மா பார்த்தார்.

தோகையின் வழவழப்பான பக்கத்தில் மாவைத் தடவி, நடுவில் பூரணம் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, கூர்முனையைக் கீழே மடக்க வேண்டும். நான் ஒன்று மடிப்பதற்குள் அவர் மூன்று மடித்துவிடுவார். பச்சை சல்சாவில் கோழி ஒரு வகை, மிளகாய்க் கீற்றும் சீஸும் வைத்த ராஹாஸ் இன்னொரு வகை. அடையாளத்துக்கு ராஹாஸை மட்டும் தோகையைக் கிழித்த நாரால் கட்ட வேண்டும். எனக்கு நார் அறுந்துகொண்டே இருந்தது. அதனால் கட்டுகள் எல்லாம் அவருடையவை, ஒவ்வொன்றிலும் இரட்டை முடிச்சு. மொத்தம் 68 வந்தது. அதில் என் கையால் மடித்தவை இருபதுகூட இருக்காது.

ஆவிப் பானையின் அடியில் தண்ணீரோடு ஒரு பெசோ நாணயத்தையும் போட்டார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது தடதடவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். பானையின் இரண்டு கைப்பிடியிலும் தோகைக் கீற்றைக் காதுபோலக் கட்டினார். எதற்கு என்று கேட்டேன். வீட்டில் யாராவது கோபமாக இருந்தால் தமால் வேகாமல் பச்சையாகவே நின்றுவிடும், இதைக் கட்டினால் ஒன்றும் ஆகாது என்றார். கட்டி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதையெல்லாம் ஆபீஸில் சொல்லிவிடாதே, மிஹா.”

நான் இரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வாக்கியத்தைத்தான். ‘இதையெல்லாம்’ என்றால் எதை? என் வீட்டுக்கு வந்ததையா, பானைக்குக் கட்டிய காதையா? ஏஜென்சி ஆட்கள் எங்கள் கம்பெனி ஊழியர்களுக்குத் தனி வேலை செய்யக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அவர் பெயரை நான் டைரக்டரிடம் சொல்லியிருந்தால், யாராவது சும்மா பேச்சுவாக்கில் ஏஜென்சி சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தால், அவருக்கு வேலை போயிருக்கலாம். ஆகவே அவரைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன். இப்படித்தான் என் கணவரிடம் சொன்னேன், அவர் சரி என்றார்.

ஆனால் டைரக்டர் கேட்ட அந்த நொடியில் எனக்கு விதி ஞாபகம் வந்ததா? எவ்வளவு துழாவினாலும் வந்ததாக நினைவில்லை. அந்த விதி எனக்கு அப்போதே தெரியுமா, பிறகு தெரிந்ததா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நினைவில் இருப்பது வேறு. டைரக்டர் கையில் இருந்தது ராஹாஸ். இரட்டை முடிச்சை அவர் அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டேதான் “ஆமாம், நான்தான்” என்றேன். சுற்றி நின்ற முப்பது பேரும் முதல்முறையாக என்னை வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரியாகப் பார்க்காமல் வேறு மாதிரி பார்த்தார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது.

பெயர் சொல்லாமலே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரிந்த ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார், பாதிக்கு மேல் அவர்தான் செய்தார் என்று சொன்னால் யார் வேலையும் போயிருக்காது. அது எனக்கு அன்று சாயங்காலம் பஸ்ஸில்தான் தோன்றியது. சென்னையில் இருந்தபோது, மூன்று மாசம் உட்கார்ந்து நான் எழுதிய டெஸ்டிங் ஸ்கிரிப்டை எங்கள் லீட் கிளையண்டிடம் தன் வேலையாகக் காட்டினார். கடைசி ஸ்லைடில் ‘டீம்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. அதைப் பார்த்து மின்சார ரயிலில் அழுதிருக்கிறேன். டோன்யாவுக்கு நான் அந்த ஒரு வார்த்தையைக்கூடக் கொடுக்கவில்லை.

காசு கொடுத்திருந்தால் மனம் இவ்வளவு அலையாதோ என்றும் நினைப்பதுண்டு. ஞாயிறு சாயங்காலம் பர்ஸை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். டாக்ஸிக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு டஜன் தமாலெஸை எடுத்துப் போனார். கூலி வாங்கியிருந்தால் அது வேலை, பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். அவர் வாங்காததால் அது உறவாகிவிட்டது. இந்தக் கணக்கும் சரியா என்று தெரியவில்லை. கூலி வாங்கினால் மட்டும் அந்த முக்கால் மணி நேரம் என்னுடையதாகிவிடுமா?

அன்று எல்லோரும் போன பிறகு பாண்ட்ரிக்குப் போய், “எப்படி இருந்தது?” என்று அவரிடம் கேட்டேன். காபி மெஷின் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். டோன்யா மேடையைத் துடைத்துக்கொண்டே, “நன்றாக வந்திருக்கிறது, இன்ஹெனியேரா. உங்களுக்குக் கை வந்துவிட்டது” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்த ஆள் நின்றதால் ‘நீங்கள்’ என்றாரா? ஆபீஸில் எப்போதும் அப்படித்தானே கூப்பிடுவார், இதில் என்ன இருக்கிறது? இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும், ஒன்றுமில்லை என்று மறுநாள் தோன்றும்.

மார்ச்சில் என் வருடாந்திர மதிப்பீட்டில், உள்ளூர் பண்பாட்டோடு ஒன்றிப் பழகுகிறார் என்று மேனேஜர் எழுதியிருந்தார். உதாரணம் தமாலெஸ். திருத்தம் ஏதாவது உண்டா என்று கீழே ஒரு பெட்டி இருந்தது. அதைக் காலியாகவே விட்டுச் சம்மதம் என்று அழுத்தினேன்.

பானைக்குக் கட்டும் காதைப் பற்றியும் தேடிப் படித்தேன். 16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற பாதிரியார் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான நாவா மக்களிடம் கேட்டு எழுதிவைத்ததில், சோளத்தைப் பானையில் போடுவதற்கு முன் பெண்கள் அதன்மேல் மூச்சு விடுவார்கள், அப்போதுதான் அது சூட்டுக்குப் பயப்படாது என்று இருக்கிறது. படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆபீஸில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் டோன்யா சொல்லவேண்டாம் என்றாரோ? அப்படியென்றால் என் சாக்கு மொத்தமும் போய்விடுகிறது. அவரிடமே கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவர் எனக்கு இதமான பதிலைத்தான் சொல்வார்.

மே மாசம் ஏஜென்சி அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டது. இங்கேயும் அவர் பெயரை எழுதவில்லை. வேலை போய்விடக்கூடாது என்பதுதான் காரணம். இந்தத் தடவை உண்மையாகவே அதுதான்.

போன பிப்ரவரியில் தனியாகச் செய்தேன், வீட்டுக்கு மட்டும், 1 கிலோ மாவில். கிள்ளிப் போட்ட மாவு முதல் தடவை அடியிலேயே கிடந்தது. இன்னும் இருபது நிமிஷம் அடித்தேன், மிதந்தது. அந்த டம்ளரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “மன்டேகா எவ்வளவு போட்டீர்கள்?” போட்டீர்கள் என்றுதான் எழுதியிருந்தார். 300 கிராம் என்று அனுப்பினேன். சரிதான் என்றார்.