இணை மேற்பார்வையில் கலாநிதிப் பட்டம்: பிரகடனப் பக்கத்தை முதலில் பாருங்கள்

போன மாதம்தான் இலங்கையில் என் பல்கலைக்கழகத்தின் மூதவை (செனட்) என் பட்டத்தை உறுதிசெய்தது. பிரான்ஸ் பக்கத்து வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. சந்தோஷம்தான். ஆனால் களைப்பும் கொஞ்சம் கோபமும் இன்னும் இருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் "எல்லாம் பரவாயில்லாமல் நடந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன், கேட்கிறவருக்கு ஒரு பிரயோசனமும் இராது.

கலாநிதிப் பதிவு, ஆய்வு முன்மொழிவு, முன்னேற்ற அறிக்கை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரே ஆய்வேட்டுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் மேற்பார்வை செய்து, இரண்டும் பட்டம் தருகிற ஏற்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரர் இதைக் 'கொத்யுத்தெல்' என்பார்கள்.

நான் கிளிநொச்சி. வன்னியின் சிறு குளங்களில் வண்டல் எந்த வேகத்தில் சேர்கிறது என்பது என் ஆய்வு. ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை வைத்து வண்டலின் வயதைக் கணிக்கிற அனுபவம் பிரான்சில் ஒரு குழுவிடம் இருந்தது, குளங்கள் எங்களிடம் இருந்தன. இரண்டு பேராசிரியர்களும் மெயிலில் ஒரு கிழமைக்குள் சம்மதித்துவிட்டார்கள். சம்மதம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பேராசிரியர்கள் கையெழுத்து வைத்தாலும் ஒப்பந்தம் நிறைவேறுவது இரண்டு நிர்வாகங்களுக்கு இடையில்தான்.

சரி, முக்கியமான விஷயம். இதை மட்டும் வாசித்துவிட்டு மிச்சத்தை விட்டாலும் பரவாயில்லை.

எங்கள் ஆய்வேடுகளின் முன்பக்கத்தில் ஒரு பிரகடனம் வரும். "இவ்வாய்வேடு இதற்கு முன்னர் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் எந்தவொரு பட்டத்துக்காகவும் சமர்ப்பிக்கப்படவில்லை" என்ற பொருளில் ஒரு வசனம். முதுமாணி ஆய்வேட்டிலும் அது இருந்தது, வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். யார்தான் வாசிக்கிறார்கள்? பரீட்சைக் கிளையில் வேலை செய்யும் ஒரு அக்காதான் வேறு அலுவலாகப் போன என்னிடம் அந்தப் படிவத்தைக் காட்டிக் கேட்டார்: "பிள்ளை, இதில நீர் சைன் வைக்கேலாதே. அங்கயும் உதைத்தானே குடுக்கப் போறீர்?"

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஒரே ஆய்வேட்டை இரண்டு இடத்துக்கும் கொடுக்கப் போகிறவர் அந்த வசனத்தின் கீழ் கையெழுத்து வைத்தால் அது பொய்ப் பிரகடனம். வசனத்தை நாமாக மாற்றினால் படிவம் பிழை என்று திருப்பி அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் ஆய்வேடு வேறொரு பல்கலைக்கழகத்தில் இந்த ஒரு வசனத்தால் மாதக்கணக்கில் மேசையில் கிடந்தது. ஆய்வு நன்றாக இருந்தது, பரீட்சகர்களும் தயார். ஆனால் அந்த வசனத்தை மாற்ற யாருக்கு அதிகாரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே நான் செய்தது: ஒப்பந்த வரைவோடு ஓர் இணைப்பாக மாற்றுப் பிரகடனத்தையும் எழுதிக் கொடுத்தேன். "இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான இணை மேற்பார்வை ஒப்பந்தத்தின் கீழ் இவ்வாய்வேடு அவ்விரண்டுக்கும் சமர்ப்பிக்கப்படுகிறது, இவை தவிர்ந்த வேறெங்கும் சமர்ப்பிக்கப்படவில்லை." மூதவை ஒப்பந்தத்தை ஏற்றபோது இதையும் சேர்த்தே ஏற்றது. ஆய்வேடு கொடுக்கும் நாளில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதற்கு அடுத்ததாக, தேர்வு. எல்லோரும் புலமைப்பரிசில், விசா என்று அலைகிறோம். ஆனால் இரண்டு நாட்டு விதிகளும் உண்மையில் முட்டுகிற இடம் வாய்மொழித் தேர்வுதான். பிரான்சில் கலாநிதிப் படிப்பை ஆள்வது 2016 மே 25ஆம் திகதிய அரசாணை, 2022 ஓகஸ்டில் திருத்தப்பட்டது. இணை மேற்பார்வைக்கு அதில் தனிப் பகுதி உண்டு. தேர்வு ஒரே ஒரு தடவைதான். தேர்வுக் குழுவை இரண்டு பல்கலைக்கழகங்களும் பேசி அமைக்க வேண்டும், எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆய்வேடு பிரெஞ்சில் இல்லாவிட்டால் பிரெஞ்சில் ஒரு விரிவான சுருக்கம் வேண்டும். இதையெல்லாம் எங்கள் விதிக்குப் பக்கத்தில் வைத்தபோது எனக்கு இப்படித் தெரிந்தது:

- அங்கே மேற்பார்வையாளர் தேர்வுக் குழுவில் உட்காருவார், முடிவெடுப்பதில் மட்டும் கலந்துகொள்ள மாட்டார். எங்கள் பக்கத்தில் மேற்பார்வையாளர் பரீட்சகர் ஆக முடியாது.
- அங்கே வெளிப் பரீட்சகர் இருவரின் அறிக்கை தேர்வுக்கு முன்பே மாணவருக்குக் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் அது இரகசியம்.
- அங்கே தேர்வு பொதுவில் நடக்கும், அம்மாவும் வந்து உட்காரலாம். எங்கள் பக்கத்தில் கதவைப் பூட்டிவிட்டு நடக்கும்.
- அங்கே தேறியதும் ஆய்வு நேர்மைக்கான உறுதிமொழி எடுக்க வேண்டும். 2023 முதல் வந்த வழக்கம் இது.

'தேர்வு பிரான்ஸ் விதிப்படி நடக்கும், அதன் அறிக்கையை இலங்கைப் பல்கலைக்கழகம் தன் தேர்வாக ஏற்கும்' என்று ஒப்பந்தத்தில் ஒரே வரியில் எழுதினால் எங்கள் சட்ட அலுவலர் ஒப்ப மாட்டார். எழுதாமல் விட்டாலோ கடைசியில் இரண்டு தேர்வுக்கு நிற்க வேண்டிவரும். நாங்கள் கண்ட நடுவழி இது. இரண்டு பக்கத் தகைமையும் உள்ள பரீட்சகர்களை எங்கள் மூதவை முன்கூட்டியே நியமிக்கும், அதே ஆட்கள் பிரெஞ்சுக் குழுவிலும் இருப்பார்கள், என் ஊர் மேற்பார்வையாளர் பார்வையாளராக மட்டும் அமர்வார். இந்த ஒரு பந்தியை எழுத எடுத்த நேரத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்தப் பந்தியை முடியுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். உங்கள் மேற்பார்வையாளர் "அதைப் பிறகு பார்ப்பம்" என்பார். விடாதீர்கள்.

ஒப்பந்தக் கோப்பு போகும் பாதை உங்களுக்குத் தெரியும்: துறை, பீடச்சபை, உயர்பட்டக் குழு, மூதவை, தேவைப்பட்டால் பல்கலைக்கழகப் பேரவை (கவுன்சில்). இடையில் சட்ட அலுவலர். மூதவை மாதத்துக்கு ஒரு முறை கூடும், நிகழ்ச்சி நிரல் அதற்கு முன்பே மூடிவிடும். பேராசிரியரின் மெயிலை வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள், மூதவைத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்த ஆண்டின் கூட்டத் திகதிகளை ஒரு தாளில் எழுதி அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருந்தேன்.

அப்புறம், எதுவும் நகராத காலங்கள் உண்டு. ஏப்ரல் புத்தாண்டு. ஓகஸ்டில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் காவலாளியைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். 2024 மே மாதம் எங்கள் நாட்டில் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது வாரக்கணக்கில் ஒரு முத்திரைகூடக் குத்த முடியவில்லை. ஊழியர் பக்கம் நியாயம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் என் கோப்பு பூட்டிய அறைக்குள் இருந்தது.

நான் தொலைபேசியில் கதைக்கக் கூச்சப்படுகிற ஆள். அதனால் எல்லா அலுவலுக்கும் நேரில்தான் போனேன். ஏ9 வீதியில் காலைப் பஸ், அலுவலகம் திறக்கும்போது வாசலில் நான். மற்றவர்கள் மெயிலிலேயே முடித்ததாகச் சொல்கிறார்கள், நல்லது. என் அனுபவத்தில் மேசைக்கு முன் ஆள் நின்றால்தான் கோப்பு எழும்பும். முகாமைத்துவ உதவியாளரின் பெயர், அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பேராசிரியர்களைவிட அவர்களுக்குத்தான் நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும்.

வன்னிக்காரருக்கென்று சில விஷயங்கள்.

மழை. பிரான்சில் கல்வியாண்டு செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கும், அப்போதுதான் மறுபதிவும். எங்கள் குளங்கள் நிறைவதும் ஒக்டோபர் தொடங்கி வருகிற மாரி மழையில்தான். என் மாதிரி எடுப்பு முழுக்க அந்த மாதங்களில். எந்தக் காலம் எங்கே என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்க வேண்டும், அதை எழுத்தில் போடாவிட்டால் அங்குள்ளவர்கள் ஒக்டோபரில் உங்களை வகுப்பில் எதிர்பார்ப்பார்கள். காலபோக மழை முடியும்வரை இங்கே, மார்ச் முதல் அங்கே என்று எழுதினோம். மறுபதிவு இணையவழியில் நடந்தது. தையில் அறுவடைக்கு வீட்டில் நிற்க முடிந்தது அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். அவருக்கு என் பட்டத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

மண். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு மண் கொண்டுபோவது தாவர நலச் சட்டப்படி தடை. ஆய்வுக்கென்றால் பெறுகிற ஆய்வுகூடம் முன்கூட்டியே அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். இங்கிருந்து வெளியே கொண்டுபோகவும் தனி அனுமதி. குளம் காட்டுக்குள் இருந்தால் வனத் திணைக்களத்திடமோ வனஜீவராசிகள் திணைக்களத்திடமோ போக வேண்டும். சூட்கேசில் பொலித்தீன் பையோடு போகலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கண்ணிவெடி. பிரெஞ்சுப் பக்கத்தில் களப்பயணப் பாதுகாப்பைப் பார்க்கிறவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான். நாங்கள் மாடு மேய்த்த இடம் என்று சொன்னால் எடுபடாது. குளம் குளமாக, அகற்றல் முடிந்த பகுதியா என்று காட்டும் பட்டியல் ஒன்றைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாக எடுத்து இணைத்தேன். முதலிலேயே இணையுங்கள், காப்புறுதியும் அதைப் பார்த்துத்தான்.

ஆவணங்கள். 2009இல் எங்கள் வீட்டில் எஞ்சியது ஒரு தோள்பை அளவு. பிறப்புச் சான்றிதழ் பிறகு எடுத்த பிரதி, அதில் என் பெயர் ஒரு மாதிரி. சாதாரண தரச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. இரண்டு பல்கலைக்கழகங்கள் இரண்டு பெயரில் பட்டம் தந்தால் நாளை வேலைக்குப் போகும்போது நீங்கள் இரண்டு பேர். பதிவுக்கு முன் எல்லாவற்றையும் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள், வித்தியாசத்துக்குச் சத்தியக்கடதாசி ஒன்று முடியுங்கள். கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, ஆவண உறுதிப்படுத்தலுக்கு யாழ்ப்பாணத்தில் கொன்சியூலர் அலுவலகம். கொழும்பு ஓடத் தேவையில்லை.

பணம். ஒப்பந்தத்தில் கட்டணம் ஒரு பக்கம் மட்டும் கட்டுவதாக எழுதலாம். பிரான்சின் அரச பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 யூரோ. மற்றப் படிப்புகளில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து போகிறவர்களிடம் அறவிடும் கூடிய கட்டணம் கலாநிதிக்கு இல்லை. 2022இல் ரூபாய் சரிந்த நேரத்தில் இந்தத் தொகையே நெஞ்சை அடைத்தது, அதனால் ஊர்ப் பக்கத்தில் கட்டுகிற ஆண்டுகளை முன்னுக்குப் போட்டோம். செலவில் பெரிது கட்டணம் அல்ல, பயணமும் வாடகையும்தான். யார் எத்தனை பயணத்துக்குத் தருவார்கள் என்று எண்ணிக்கையோடு எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

நிரந்தர விரிவுரையாளர்களுக்குக் கற்கை விடுப்பும் பிணைப் பத்திரமும் இருக்கிறது. நான் தற்காலிகமாக இருந்ததால் அந்தச் சிக்கலுக்குள் போகவில்லை.

இது எல்லோருக்கும் தேவையா என்று கேட்டால், இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். ஊர்ப் பல்கலைக்கழகம் மட்டும் தந்தாலும் அதே மட்டம்தான். அங்குள்ள ஆய்வுகூடம் மட்டும் போதும், இரண்டாவது பட்டம் வேண்டாம் என்றால் இத்தனை கையெழுத்து எதற்கு? ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டாட் (DAAD) இருநாட்டு மேற்பார்வைக்கென்றே உதவி தருகிறது, அதைப் பாருங்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசிலில் பிரித்தானியாவில் 12 மாதம்வரை இருந்துவிட்டுப் பட்டத்தை இங்கேயே வாங்குகிற வகை ஒன்று உண்டு. அதற்கு உங்கள் துறைக்கும் அங்குள்ள துறைக்கும் ஏற்கெனவே தொடர்பு இருக்க வேண்டும். பட்டம் ஒன்றுதான், ஆகவே பிரகடனப் பக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.