எண்கள் முன்னும் பின்னும் தாவும் குமிழ்

என் சிந்தசைசரில் (மின்னணு இசைக்கருவியில்) ஒலிகளைத் தேர்ந்தெடுக்கவும் அளவுகளை மாற்றவும் பயன்படும் பெரிய குமிழ் சில மாதங்களாகவே சொன்னபடி கேட்கவில்லை. வலப்பக்கம் திருப்பினால் திரையில் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். அதுவோ 51, 52 என்று ஏறி, மறுபடி 51-க்கு இறங்கி, அடுத்த திருப்பலில் 54-க்குத் தாவியது. வாசிக்கும்போது, ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் ஃபில்டரை மெல்லத் திறக்க முயன்றால் ஒலி விட்டுவிட்டுத் திறந்தது. இத்தகைய பழுதைக் கண்டதும் பலரும் முதலில் கையில் எடுப்பது, மின்தொடுமுனைகளைத் துப்புரவாக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைத்தான். அதை அடிப்பதற்கு முன், குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பழுதும் அதற்கான வைத்தியமும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

குமிழைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரு பக்கமும் ஓர் எல்லையில் முட்டி நின்றால் அது பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர். எல்லையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் என்கோடர். பொட்டென்ஷியோமீட்டருக்குள் வளைவான கார்பன் தடம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் உரசிச் செல்லும் சிறு உலோகத் தொடுமுனை, தான் நிற்கும் இடத்திற்கேற்ற மின்னழுத்தத்தை நடு இணைப்புக் காலின் வழியே அனுப்புகிறது. கருவியின் உள்ளே இருக்கும் சிப் அதை அளந்து, மிடி (மின்னணு இசைக்கருவிகள் தகவல் பரிமாறும் பொதுமொழி) முறையில் 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. தடத்தில் தூசியோ தேய்மானமோ இருந்தால், யாரும் தொடாதபோதும் எண் 63, 64, 63 என்று நடுங்கும். அல்லது திருப்பும்போது குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் துள்ளும்.

என்கோடர் வேலை செய்யும் விதமே வேறு. தான் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. நகர்ந்ததையும் நகர்ந்த திசையையும் மட்டுமே அது சொல்லும். அதற்குள் இருக்கும் இரண்டு தொடுமுனைகள், குமிழ் சுற்றச் சுற்ற, பொதுக் காலோடு மாறி மாறி இணைந்து பிரிகின்றன. ஒன்று இணைந்த பிறகு சற்றுப் பின்தங்கி மற்றொன்று இணையும்படி அவை அமைக்கப்பட்டிருப்பதால், எது முந்தியது என்பதைக் கொண்டு சிப் திசையை அறிகிறது. தொடுமுனைகளில் ஒன்றின்மேல் ஆக்சைடோ இறுகிப்போன கிரீஸோ படிந்து ஒரு கணம் தொடர்பு விட்டுப்போனால், சிப் அதைக் குமிழ் பின்னால் திரும்பியதாகவே எடுத்துக்கொள்ளும். என் குமிழ் ஏறிக்கொண்டிருக்கும்போதே இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

கருவியைத் திறப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும். மின்வழங்கி உள்ளேயே இருக்கும் கருவியானால், பெரிய கபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும் என்பதால் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குமிழ்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேனலில் தழும்பு விழும். மெல்லிய துணியைக் குமிழின் அடியில் சுற்றி நேர் மேலாக இழுத்தால் வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதைப் போட்டு முடுக்கினால் அது உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டையே துளைத்துவிடலாம்.

போர்டு வெளியே வந்ததும் நான் செய்தது மல்டிமீட்டர் சோதனை. வழக்கமான என்கோடரில் ஒரு பக்கம் மூன்று கால்கள் இருக்கும். நடுவில் இருப்பது பொதுக் கால். எதிர்ப் பக்கத்தில் இரண்டு கால்கள் இருந்தால், அவை குமிழை அழுத்தும்போது இயங்கும் சுவிட்சுக்கு உரியவை. மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் (இரு முனைகளும் மின்பாதையால் இணைந்திருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்து, ஒரு முனையை நடுக் காலிலும் மற்றொன்றைப் பக்கத்துக் காலிலும் வைத்துக் குமிழை மிக மெதுவாகச் சுற்றினால், பீப் ஒலி சீரான இடைவெளியில் வந்து வந்து போக வேண்டும். எனக்கு ஒரு பக்கத்தில் அப்படியே வந்தது. மறுபக்கத்தில் சில இடங்களில் கரகரத்தது, சில இடங்களில் வரவே இல்லை. இந்தச் சோதனைக்கு முன்பே போர்டின் அடிப்புறத்தில் ஈயம் வைத்த (பாகங்களின் கால்களைப் பற்றவைத்த) இடங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிடுவதும் அவசியம். அழுத்திப் பயன்படுத்தும் குமிழ்களில் ஈயத்தைச் சுற்றி முடி இழை போன்ற வளைய விரிசல் விழுவதுண்டு. குமிழைப் பக்கவாட்டில் சாய்த்தால் மட்டும் பழுது தோன்றினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும். அதற்குப் பாகத்தை மாற்ற வேண்டியதில்லை; மறுபடி ஈயம் வைத்தால் போதும்.

இனி ஸ்ப்ரேயைப் பற்றி. பொட்டென்ஷியோமீட்டருக்கு அது பெரும்பாலும் நல்ல வைத்தியமே. அதற்கென்றே தயாரித்த கிளீனரைக் கால்களுக்கு அருகில் உள்ள திறப்பில் ஒரு சிறு துளி அளவுக்கு விட்டு, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பலமுறை திருப்பி, முழுவதும் காய்ந்த பிறகு மின்சாரம் கொடுத்தால் நெடுநாள் உழைக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இதற்கு ஏற்றதல்ல; அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்கோடரைப் பொறுத்தவரை, என் கருத்தில், ஸ்ப்ரே வெறும் தவணை வாங்குவதுதான். அழுக்கு கரைந்து சில நாட்கள் சரியாக ஓடும். அதோடு உள்ளே இருக்கும் மசகும் கரைந்து போவதால் உலோகம் உலோகத்தோடு உரசி இன்னும் வேகமாகத் தேயும். இந்த வகை என்கோடர்களின் ஆயுளே 15,000 அல்லது 30,000 சுற்றுகள் என்ற அளவில்தான் குறிக்கப்படுகிறது. கருவி முழுவதையும் ஒரே குமிழால் இயக்க வேண்டியிருக்கும்போது அந்தக் கணக்கு விரைவிலேயே தீர்ந்துவிடுகிறது. மாற்றுப் பாகம் கிடைக்கவே கிடைக்காத நிலையில், உறையின் நான்கு உலோக மடிப்புகளை நிமிர்த்திப் பிரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து மறுபடி பூட்டலாம். ஆனால் அந்த மடிப்புகள் அதிக முறை வளைக்கத் தாங்காது.

ஆகவே மாற்றுவதென்று முடிவு செய்தேன். புதிய என்கோடர் வாங்கும்போது கால்களின் அமைப்பும் தண்டின் நீளமும் வடிவமும் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரு சுற்றுக்கு எத்தனை நிறுத்தங்கள் (விரலில் ‘கிளிக்’ என்று உணரப்படும் இடங்கள்), எத்தனை துடிப்புகள் (சிப்புக்குப் போகும் மின்சைகைகள்) என்ற இரண்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 24 நிறுத்தத்துக்கு 24 துடிப்பு தருபவையும் உண்டு, 24-க்கு 12 தருபவையும் உண்டு; மாற்றிப் போட்டுவிட்டால் ஒரு ‘கிளிக்’கிற்கு எண் இரண்டு இரண்டாக ஏறும், அல்லது இரண்டு ‘கிளிக்’கிற்கு ஒருமுறைதான் ஏறும். அப்போது பாகத்தில் குறையே இருக்காது, கருவியும் சரியாக நடக்காது.

பழையதைக் கழற்றும் இடத்தில்தான் மிகுந்த பொறுமை வேண்டும். எல்லாக் கால்களையும் ஒரே நேரத்தில் உருக்கி இழுக்கப் பார்த்தால் துளையைச் சுற்றியுள்ள செம்பு உரிந்து வந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. எப்படியும் தூக்கி எறியப்போகும் பாகம் என்பதால், அதன் கால்களைக் கட்டரால் வெட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டாக உருக்கி எடுத்தேன். உடலைப் பிடித்திருக்கும் இரண்டு அகலமான காதுகள் பெரிய செம்புப் பரப்போடு இணைந்திருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே புதிதாகக் கொஞ்சம் ஈயம் சேர்த்து உருக்கினால் வேலை எளிதாகும். தொழிற்சாலையில் வைத்த, ஈய உலோகம் கலக்காத பற்றவைப்புக் கலவை சுமார் 217 டிகிரியில் உருகும், ஈயம் கலந்த கம்பியோ 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். இரண்டும் கலக்கும்போது உருகுநிலை இறங்குகிறது. பிறகு துளைகளில் மிஞ்சியதைச் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். முதலில் ஒரு காதுக்கு மட்டும் ஈயம் வைத்து, தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றுக்கு வைத்தேன். தண்டு சாய்ந்திருந்தால் பேனல் துளையில் உரசும்.

புதியது போட்ட பின்னும் எண் தாவினால், பக்கத்தில் இருக்கும் சிறு ரெசிஸ்டர்களையும் கபாசிட்டர்களையும் பார்க்க வேண்டும். 10 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட் என்ற அளவில் பரவலாக வைக்கப்படும் இந்த இணை, தொடுமுனைகளின் அதிர்வைச் சிப் வரை போகாமல் வடிகட்டுகிறது. எனக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை. மெதுவாகத் திருப்பியபோது எண் ஒவ்வொன்றாக ஏறியது. வேகமாகச் சுழற்றியபோதும் ஒருமுறைகூடப் பின்வாங்கவில்லை. கடைசியாகக் குமிழை மாட்டும்போது, அதற்கும் பேனலுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டேன். பேனலில் முட்டும் வரை அழுத்தி மாட்டினால், அடியில் உள்ள சுவிட்ச் அழுந்துவதற்கு இடம் இருக்காது.