அஞ்சு ரூபாய் தகராறு

ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டு, முழங்காலுக்கு அடியில் ரெண்டு தலையணையை அண்டக் கொடுத்து, மல்லாக்கப் படுத்தபடி இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். போன் இதுவரை ரெண்டு முறை மூக்கில் விழுந்துவிட்டது.

எல்லாம் தண்ணி கேன் தம்பியால் வந்தது. என் வாயால் வந்தது என்பது வீட்டில் பெரும்பான்மைக் கருத்து. "உள்ள வந்து கவுத்து வெக்கிறதுக்கு அஞ்சு ரூபா சேர்த்துக் குடுங்க சார்" என்றான். "அதுக்கு அஞ்சு ரூபாயா? வெச்சுட்டுப் போ, நானே தூக்கிப்பேன்" என்றேன். ரொம்ப மரியாதையாக "சரிங்க சார்" என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த மரியாதையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவன் செய்வதை வாராவாரம் பார்க்கிறேன். ஆள் ஐம்பது கிலோ தேறமாட்டான். கேனைக் கிட்டே இழுத்து, உட்கார்ந்து, குழந்தையைப் போல வயிற்றோடு சேர்த்து அணைப்பான். எழும்போதே தொடைமேல் ஒரு தட்டு. தொடையிலிருந்து ஸ்டாண்டின் விளிம்புக்கு ஒரு நெம்பு. கழுத்தில் ஒரு கை, அடியில் ஒரு கை, ஒரே புரட்டு. 'குபுக்' என்று ஒரு குமிழி மேலே போகும். அவ்வளவுதான். தரையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

நான் என்ன செய்தேன்? காலை விறைப்பாக நீட்டி வைத்துக்கொண்டு, பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவதைப் போல இடுப்போடு குனிந்தேன். கையை நீட்டி எட்டத்திலிருந்தே தூக்கினேன். டிஸ்பென்சர் இடது பக்கம். பாதம் ரெண்டும் ஃபிரிட்ஜைப் பார்த்திருக்க, மேல்பாதியை மட்டும் திருப்பினேன். 'டொக்' என்றது. கேன் மூடி என்று நினைத்தேன்.

கேன் போய் உட்கார்ந்துவிட்டது. நான்தான் நிமிரவில்லை.

"ஏங்க, டிஸ்பென்சர்கிட்ட என்ன ரகசியம் பேசறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல்.

மகள் ப்ளஸ் ஒன். இயற்பியலில் திருப்பு விசை நடந்துகொண்டிருக்கிறது. நான் தரையில் கிடக்க, அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். "அப்பா, முதுகு ஒரு நெம்புகோல். தாங்குபுள்ளி கீழ்முதுகு டிஸ்க். இழுக்கிற தசை அதுக்குப் பின்னாடி அஞ்சு சென்டிமீட்டர்தான். கேன் முன்னாடி நாற்பது சென்டிமீட்டர். எட்டு மடங்கு! இருபது லிட்டர், இருபது கிலோ. தசைக்கு நூத்தி அறுபது." சரி என்றேன். "இரு, உன் மேல்பாதி இருக்கே. எண்பதுல பாதி நாற்பது கிலோ, இருபத்தஞ்சு சென்டிமீட்டர்ல. அது இருநூறு. மொத்தம் முந்நூத்தி அறுபது கிலோப்பா. கிட்டத்தட்ட ரெண்டு புல்லட்!" அப்பன் விழுந்து கிடக்கும்போது பிள்ளை முகத்தில் இத்தனை வெளிச்சம் கூடாது. கவனித்தீர்களா, கேனைவிட நான்தான் அதிகம். வெறுங்கையோடு குனிந்திருந்தாலே ஒரு புல்லட் உண்டு.

பிசியோதெரபிஸ்ட் பெண் இன்னும் மோசம். என் வயிற்றைப் பேனாவால் காட்டி, "இதுவும் ஒரு கேன்தான் சார், இறக்கி வைக்க முடியாத கேன். நீங்க சும்மா நின்னாலே முதுகு இதைப் பின்னாடி இழுத்துப் பிடிச்சுட்டிருக்கு" என்றார். இதற்கு ஐந்நூறு ரூபாய். நூறு கேன் கவிழ்க்கலாம்.

இன்று காலை பேன்ட் போடும் படலம். ஒற்றைக் காலில் நின்றால் உடம்பின் மொத்த எடையும் அந்த ஒரு பாதத்தின் பரப்புக்குள் இறங்க வேண்டுமாம், கொஞ்சம் வெளியே போனாலும் ஆள் காலி. இத்தனை வருஷமாக இந்த சர்க்கஸை யோசிக்காமலே செய்திருக்கிறேன். பாதி பேன்ட்டில் கொக்கு மாதிரி மூணு தத்து தத்தி, பீரோவைக் கட்டிக்கொண்டேன். வேட்டியோடு லீவு சொல்லிவிட்டேன்.

"ஒரு கேனுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். கேட்க வேண்டியவள்தான். எங்கள் பழைய தெருவில் அடிபம்பு. கைப்பிடியை அடிக்கிற வேலை எனக்கு. நீளமான கைப்பிடி, நான் ஏழு வயதுப் பூஞ்சை. கைப்பிடி மேலே போனால் நானும் மேலே போவேன், கால் தரையில் பாவாது. வயிற்றை அதன்மேல் போட்டு ஊஞ்சல் மாதிரி தொங்கினால்தான் இறங்கும். அதற்கு ஒரு வாய்த் தண்ணீர் வரும். தலையில் சும்மாட்டின்மேல் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று அம்மா போவாள். மகள் கணக்குப்படி தலைக்குடத்துக்கு நெம்புகோலே கிடையாது. எடை நேராக முதுகெலும்பு வழியாக இறங்கிவிடுகிறது. இடுப்புக் குடம் உடம்போடு ஒட்டியிருப்பதால் பரவாயில்லை, ஆனால் இடுப்பை அந்தப் பக்கம் தள்ளி, உடம்பை இந்தப் பக்கம் சாய்த்தாக வேண்டும்.

தரையில் கிடந்து பார்த்தால்தான் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அம்மா இப்போதும் இடது இடுப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் நிற்கிறாள். வலது கை லேசாக விலகியிருக்கிறது. அங்கே குடம் இல்லை. குடம் போய் முப்பது வருஷம் இருக்கும்.

"என்னடா பாக்குற?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் தண்ணி குடேன்."

டம்ளரைக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கி, முதுகு துளி வளையாமல் உட்கார்ந்து நீட்டினாள். பிசியோ பெண் சொல்லிக்கொடுத்த அதே போஸ், ஐந்நூறு ரூபாய் இல்லாமல்.

கேன் தம்பிக்கு மூணு முறை போன் போட்டுவிட்டேன். எடுக்கமாட்டேன் என்கிறான்.