மூர் மார்க்கெட்: சில்லறை வியாபாரிக்குக் கட்டிய மாளிகை

சென்ட்ரலில் ஆவடி வண்டியையோ திருவள்ளூர் வண்டியையோ பிடிக்க ஓடுகிற பலருக்குத் தெரியாது, 1985 வரை அங்கேதான் மூர் மார்க்கெட் இருந்தது. அந்தப் புறநகர் முனையத்துக்கே மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். பெயர் தங்கிவிட்டது, கட்டடம் போய்விட்டது.

கதை பிராட்வேயில், அதாவது இன்றைய பிரகாசம் சாலையில் தொடங்குகிறது. அங்கே பாப்ஹாம் மார்க்கெட் என்று ஒரு பழைய சந்தை இருந்தது. நெரிசலும் அசுத்தமும் தாங்காமல் போனதால், அங்கிருந்த வியாபாரிகளுக்கு வேறு இடம் தர மாநகராட்சி முடிவெடுத்தது. சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்கா ஓரமாக இடம் பார்த்தார்கள். 1898-ல் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர், 1900-ல் திறந்து வைத்தவர் கவர்னர் ஆர்தர் ஹாவ்லாக். வரைபடம் போட்டவர் ஆர். இ. எல்லிஸ், கட்டி முடித்தவர் ஏ. சுப்பிரமணிய ஐயர் என்ற ஒப்பந்தக்காரர்.

எனக்குப் பெரிதாகப் படுவது அது கட்டப்பட்ட விதம்தான். செங்கல் சிவப்பு, வளைவு வளைவாகத் தாழ்வாரம், இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய அம்சங்கள் கலந்த இந்தோ சாரசெனிக் பாணி. சென்னையில் அந்தப் பாணியை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள்: உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், பக்கத்திலேயே விக்டோரியா ஹால். அதிகாரத்துக்கும் கௌரவத்துக்கும் உரிய அதே அலங்காரத்தை, பழைய சாமானும் பாத்திரமும் விற்கிறவனுக்கும் கொடுத்தார்கள். ஏழை வியாபாரிக்குத் தகரக் கொட்டகை போதும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை, அதற்காகவே அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

அமைப்பு எளிமையானது. நான்கு பக்கமும் கடை வரிசை, நடுவில் திறந்த முற்றம். வெயிலோ மழையோ, கடை கடையாகப் பேரம் பேசிக்கொண்டே சுற்றி வரலாம். புத்தகம், கிராமபோன் தட்டு, பழம்பொருள், கிளி, புறா, நாய்க்குட்டி என்று எல்லாம் கிடைத்தது. பாடப்புத்தகத்தைப் பாதி விலைக்குத் தேடி வந்த மாணவர்களும், எந்தக் கடையிலும் அகப்படாத புத்தகத்தைத் தேடி வந்தவர்களும் அதே வரிசையில்தான் குந்தி உட்கார்ந்து புரட்டினார்கள். ஊரிலிருந்து மெட்ராஸ் பார்க்க வருகிற குடும்பங்கள் எழும்பூரில் செத்த காலேஜ் (அருங்காட்சியகம்), இங்கே உயிர் காலேஜ், அப்படியே மூர் மார்க்கெட் என்று ஒரே நாளில் முடித்துக்கொள்வார்கள். அந்த உயிர் காலேஜும், அதாவது மிருகக்காட்சி சாலையும், அதே 1985-ல் வண்டலூர் போய்விட்டது.

1985 மே 30, தீ. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்ததால், தீ தானாகத்தான் பிடித்ததா என்று ஊர் அன்றே பேசியது, இன்னும் பேசுகிறது. அதை ஆராய நான் வரவில்லை. உள்ளே எரிந்தது எரிந்தது, சரி. ஆனால் எஞ்சி நின்ற செங்கல் சுவர்களையும் ஏன் இடித்தார்கள்? இரண்டு வருடம் முன்பு, 1983-ல், மவுண்ட் ரோடில் ஸ்பென்சர் கட்டடம் எரிந்தபோதும் முடிவு இதேதான். எரிந்த கட்டடத்தைச் செப்பனிட்டு மீட்கலாம் என்ற யோசனையே அப்போது இந்த ஊரில் வேர்விடவில்லை.

கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். புத்தகக் கடைகள் சில அங்கே தொடர்ந்தன, ஆனால் அந்தப் பழைய கூட்டம் அங்கே சேரவில்லை. அப்புறம் ரயில்வே நிலையத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற பக்கம், பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றையும் கட்டி வைத்தார்கள். வெளித்தோற்றம் மட்டும்தான் அதில் தெரியும். சுற்றி வந்த தாழ்வாரத்தையும் நடு முற்றத்தையும் அதை வைத்து யாருக்கும் காட்ட முடியாது.

நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து எடுத்தவை. உங்கள் வீட்டு ஆல்பத்தில் முற்றமோ கடை வரிசையோ தெரிகிற படம் ஏதாவது இருந்தால், ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள்.