வென்ற மறுநாள்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். 2017ஆம் ஆண்டு எங்கள் பையன்கள் மாவட்டக் கால்பந்துப் போட்டியின் காலிறுதியில், யாரும் எதிர்பாராத விதமாக, எங்களைவிடப் பலம் வாய்ந்த ஓர் அணியை வென்றார்கள். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் அவர்களை இன்னும் கூர்தீட்டிவிட வேண்டும் என்ற ஆவலில், மறுநாள் காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வரவழைத்து எட்டுச் சுற்று ஓடவிட்டேன்; அது போதாதென்று ஒரு மணி நேரம் இரு அணிகளாகப் பிரித்து ஆடவும் விட்டேன். முகம் சுளிக்காமல் ஆடினார்கள். அதற்கு அடுத்த நாள் நடந்த அரையிறுதியில், இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குள் மூன்று பேர் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். 0-3 என்று தோற்றோம். பையன்கள் தங்கள் மீதே பழியைப் போட்டுக்கொண்டு அழுதார்கள். அது என்னுடைய பழி என்பது எனக்கு அன்றே தெரியும். எப்படி என்பது விளங்கத்தான் சில மாதங்கள் ஆயின.

விளங்கவைத்தது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடரில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணி. 2017-18 பருவத்தில் 18 லீக் ஆட்டங்களில் 32 புள்ளிகள் எடுத்து இரண்டாம் இடத்தில் முடித்திருந்த அந்த அணி, எஃப்.சி. கோவாவுக்கு எதிராகக் கோவாவில் நடந்த அரையிறுதியின் முதல் ஆட்டத்தை 1-1 என்று முடித்துவிட்டு, 2018 மார்ச் 13ஆம் தேதி சென்னை நேரு விளையாட்டரங்கில் இரண்டாவது ஆட்டத்தை ஆடியது. தேர்வுக் காலம்தான், இருந்தாலும் அந்த ஓர் இரவுக்கு மட்டும் வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு ஏழெட்டுப் பையன்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் 18 கோல்கள் அடித்த கோரோ எதிரணியில் இருந்ததால் அவர்களுக்குப் பயம். 26ஆம் நிமிடத்தில் சென்னை அணியின் ஜெஜே ஒரு கோல் அடித்தார்; மூன்றே நிமிடங்களில் தனபால் கணேஷ் இன்னொன்று அடித்தார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் அடித்த கோல் என்பதால் பையன்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசி நிமிடத்தில் ஜெஜே மீண்டும் அடிக்க, 3-0.

பையன்கள் வெற்றியைப் பேசிக்கொண்டே கிளம்பினார்கள். என் மனமோ நாட்களை எண்ணத் தொடங்கியிருந்தது. இறுதி ஆட்டம் மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா அரங்கில், எதிரணியான பெங்களூரு எஃப்.சி.யின் சொந்த மண்ணில். அந்த எதிரணி லீக்கில் 40 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது மட்டுமல்லாமல், தன் அரையிறுதியை மார்ச் 11ஆம் தேதியே முடித்துவிட்டது. அவர்களுக்கு ஆறு நாள், நம்மவர்களுக்கு நான்கு நாள். அதிலும் ஒரு பங்கு பயணத்தில் கழியும். நான்கு நாளில் யாருக்கும் புதிதாக மூச்சுப் பலத்தை ஏற்றிவிட முடியாது. இழந்ததை மீட்டெடுப்பதற்கே அந்த நாட்கள் சரியாகிவிடும். நான் அதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

கல்லூரியில் படித்த உடலியங்கியல் பாடத்தை அந்த வாரம்தான் மறுபடி எடுத்துப் புரட்டினேன். 90 நிமிடம் ஆடும் ஒரு நடுக்கள வீரர் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறார். இடையிடையே பாய்ந்து, நின்று, திரும்பியதில் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. தசையில் சேர்ந்திருந்த மாவுச்சத்து தீர்ந்துபோகிறது. அது மீண்டும் நிரம்ப ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை பிடிக்கும். தசைவலியோ ஆட்டம் முடிந்த உடனே உச்சத்துக்குப் போவதில்லை, பெரும்பாலும் இரண்டாம் நாளில்தான் போகிறது. என் பையன்கள் மறுநாள் காலை சிரித்த முகத்தோடு ஓடியதையும், அதற்கு அடுத்த நாள் மைதானத்தில் விழுந்ததையும் நினைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் உடம்பு உடைந்துகொண்டிருந்த வேளையில் அதன் மேல் நான் பாரம் ஏற்றியிருக்கிறேன். எங்கள் மைதானம் புல்தரையும் இல்லை. மழை இல்லாத மாதங்களில் கல்லாய் இறுகிவிடும் செம்மண் தரை.

இறுதி ஆட்டத்தின் ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி பெங்களூருவுக்காகக் கோல் அடித்துவிட்டார். பிறகு 17ஆம் நிமிடத்திலும், முதல் பாதி முடியும் 45ஆம் நிமிடத்திலும் கார்னரில், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதையில், வந்த பந்துகளைச் சென்னையின் தடுப்பாட்டக்காரர் மயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 67ஆம் நிமிடத்தில் சென்னையின் ரஃபேல் அகஸ்டோவின் கோல். முடிவு நேரத்தில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது, 2015க்குப் பின் இரண்டாம் முறையாக. மூன்றில் இரண்டு கோல்கள் கார்னரில் வந்தவை என்பது என்னை உலுக்கியது. கால்களை அதிகம் களைக்க வைக்காமல் பழகக்கூடிய பகுதி அதுதான். யார் எங்கே நிற்பது, யார் முன்கம்பத்துக்கு ஓடுவது, யார் பின்னால் வெளியே வரும் பந்துக்குக் காத்திருப்பது என்பதை நடந்தபடியே பத்து முறை செய்து பார்த்துவிடலாம். அவகாசம் குறைவாக உள்ள அணிக்கு இதைவிட மலிவான ஆயுதம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எவ்வளவு லாபம் வந்த வருடமானாலும் வருடக் கணக்கை முடித்து ஐந்தொகை எடுக்கும் வரை வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார். வரவு கண்ணுக்குத் தானாகத் தெரியும், பற்றைத்தான் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பார். 2018 பருவத்தில் நான் வாங்கிய நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கிழித்து வரவு, பற்று என்று எழுதிக்கொண்டேன். வென்ற ஆட்டங்களுக்குப் பற்றுப் பக்கத்தை முதலில் நிரப்புவது என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டும் காலிறுதியை வென்றோம்; அரையிறுதிக்கு இந்த முறை மூன்று நாள் இருந்தது. பையன்களின் மீது பிரியம் கொண்ட ஒரு கடைக்காரர் அன்றிரவே கறி விருந்து போடுவதாகச் சொன்னார். “அண்ணே, போட்டி முடியட்டும், நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்” என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு மனவருத்தம்தான். ஆனாலும் எண்ணெயும் காரமும் கனத்த சாப்பாடு அன்றைக்கு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வாழைப்பழமும் உப்புப் போட்ட மோரும் கொடுத்தோம். இரவுக்கு இடியாப்பமும் அவித்த முட்டையும். மறுநாள் காலை ஆடிய பதினோரு பேரையும் குளிப்பதற்கென்று இருக்கும் ஊருணிக்கு அழைத்துப் போனேன் (குடிநீர் ஊருணியில் எங்கள் ஊரில் யாரும் கால் வைப்பதில்லை). இடுப்பளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் நின்றார்கள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து கால்களை நீவிவிட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் அன்றைய பயிற்சி. மாறாக, ஆட்டத்தில் இறங்காத மாற்று வீரர்கள் மாலையில் முழுப் பயிற்சி எடுத்தார்கள். முன்பெல்லாம் அவர்களை நான் பந்து பொறுக்கத்தான் விட்டிருந்தேன் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். இரண்டாம் நாள் மெல்லிய ஓட்டமும் பந்து கடத்தலும். மூன்றாம் நாள் நாற்பது நிமிடம், அதில் பாதி நேரம் கார்னர்.

ஒரு பையன் மட்டும் கேட்டான்: “சார், நாம இன்னும் ஓட வேண்டாமா சார்?”

“நாளைக்கு ஓடு தம்பி, இன்னிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கு” என்றேன்.

அரையிறுதியை 2-1 என்று வென்றோம். எங்கள் கோல் இரண்டுமே ஆட்டத்தின் ஓட்டத்தில் வந்தவை; நாங்கள் வாங்கியதுதான் கார்னரில் வந்தது. கடைசி நிமிடம் வரை பதினோரு பேரும் நின்று ஆடினார்கள். அன்றிரவு நோட்டைத் திறந்து பற்றுப் பக்கத்தில் முதல் வரியாக, “தற்காப்புக் கார்னரில் பின்கம்பத்தில் ஆள் இல்லை” என்று எழுதினேன். அதன் கீழே, மறுநாள் காலை ஊருணிக்கு வரவேண்டிய பதினோரு பேரின் பெயர்கள்.