ஆறாயிரத்து நானூறு ரூபாய் ரீல்: கொத்மலை நாட்குறிப்பு

2024 பெப்ரவரி 4, ஞாயிறு

கொழும்பிலிருந்து கூரியரில் அனுப்பிய பெய்ட்காஸ்டிங் வகைத் தூண்டில் ரீல் நேற்று மாலை வந்து சேர்ந்தது. விலை 6,400 ரூபாய். பெயர் பெற்ற நிறுவனங்களின் பெய்ட்காஸ்டிங் ரீல்களுக்கு இதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அதை வாங்க மனம் இடம் கொடுக்கவில்லை. மலிவு ரீல் நம் நீர்நிலைகளில் உண்மையில் எந்த அளவுக்கு உழைக்கும் என்பதை, ஒரு மாதம் பொறுமையாகச் சோதித்து, நாள்தோறும் கண்டதை இங்கே எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மலையகத்தில் தூண்டில் போடுபவர்களில் ரீல் வைத்திருப்போர் பெரும்பாலும் பயன்படுத்துவது ஸ்பின்னிங் ரீல். அதில் ஸ்பூல் என்ற உருளை அசையாமல் நிற்க, அதில் சுற்றியிருக்கும் தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக வெளியேறும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று தங்கூசியை விட வேண்டும். பறந்து போகும் இரைதான் அதை இழுத்துச் சுழற்றுகிறது. இரையின் வேகம் காற்றில் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால், வெளியேற இடமில்லாத தங்கூசி உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். இந்த ரீலைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்தச் சிக்கில்தான் வந்து நிற்கிறது.

இந்த வகை ரீலின் மூதாதை 1820ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி செய்தது. அங்கே அது பாஸ் மீனுக்காக வளர்ந்தது. பெருவாய்ப் பாஸ் நம் நாட்டு மீன் அல்ல. எனவே என் சோதனை விராலை நம்பியே நடக்க வேண்டும். விராலும் பாஸைப் போலவே பாசிக்கும் செடிக்கும் இடையில் பதுங்கிக் கிடந்து பாய்ந்து கவ்வும் மீன். தடித்த தங்கூசி போட்டு, கவ்விய உடனே செடியிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும் என்பதிலும் இரண்டும் ஒன்றுதான்.

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

பாடசாலை விட்டதும் மைதானத்தில் வீசிப் பார்த்தேன். 0.30 மில்லிமீற்றர் தங்கூசி 120 மீற்றர் சுற்றி, கொக்கி இல்லாத 7 கிராம் ஈயக்குண்டைக் கட்டினேன். பன்னிரண்டு வீச்சில் ஒன்பது சிக்கானது. இருட்டும் வரை சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

2024 பெப்ரவரி 10, சனி

இன்று அவசரப்படாமல், முதலில் ரீலைச் சரிப்படுத்தினேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய திருகு ஸ்பூலின் அச்சை இறுக்குவது. பொத்தானை அழுத்தி ஸ்பூலை விட்டால், இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்க வேண்டும். அதுவரை அந்தத் திருகை இறுக்க வேண்டும். எடை வேறான இரையைக் கட்டும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பவும் செய்யாவிட்டால் மற்ற எல்லா முயற்சியும் வீண்.

மறுபக்கத்தில் பத்து எண்கள் கொண்ட காந்தப் பிரேக் இருக்கிறது. ஸ்பூல் அலுமினியம், அதைக் காந்தம் இழுக்காது. ஆனால் காந்தத்துக்கு அருகில் அது சுழலும்போது அதற்குள் சுழி மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியை எதிர்க்கிறது. வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும், வேகம் தணிந்தால் தளரும். உயர்தர வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் இந்தப் பாடத்தை விரல் நுனியில் உணர்ந்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் இந்த ரீலில் 1 முதல் 4 வரை எந்த வேறுபாடும் தெரியவில்லை. 5இல்தான் பிடிப்பு தொடங்குகிறது. பத்து எண் என்று சொல்லிவிட்டு ஆறைத்தான் தருகிறார்கள்.

7 கிராம் குண்டுக்குப் பிரேக்கை 9இல் வைத்தும் மூன்று வீச்சுக்கு ஒரு சிக்கு. 14 கிராம் குண்டைக் கட்டி 7இல் வைத்தபோது இருபது வீச்சில் இரண்டே சிக்கு. அந்த இரண்டும் குண்டு தரையில் விழும் கணத்தில் கட்டைவிரலால் ஸ்பூலைத் தொட மறந்ததால் வந்தவை. காந்தம் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது, நிறுத்துவது கட்டைவிரல்தான். தூரம் காலடியில் அளந்தபோது ஏறத்தாழ 30 மீற்றர்.

2024 பெப்ரவரி 14, புதன்

இலேசான இரைக்கு இந்த ரீல் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது என்ற கேள்வி நான்கு நாளாக என்னை விடவில்லை. கம்பளைக்குப் போன வேலையோடு, தெரிந்த ஒருவரின் நகைக்கடையில் ஸ்பூலைக் கழற்றித் தராசில் வைத்தேன். தங்கூசியோடு 31 கிராம். பாதித் தங்கூசியை வேறு உருளைக்கு மாற்றிவிட்டுத் திரும்ப வைத்தபோது 26 கிராம். 0.30 மில்லிமீற்றர் நைலோன் 120 மீற்றரின் எடையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 9.7 கிராம் வருகிறது; ஆகவே வெறும் ஸ்பூல் மட்டும் 21 கிராமுக்கு மேல். இலேசான இரைக்கென்றே செய்யப்படும் விலையுயர்ந்த ரீல்களில் ஸ்பூல் 10 கிராமுக்கும் குறைவாக இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை விலையின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையில் அல்ல. 7 கிராம் குண்டு 31 கிராம் ஸ்பூலைச் சுழற்றத் தொடங்குவதே பெரும்பாடு. சுழன்றுவிட்டால், அந்தக் கனத்தின் சடத்துவத் திருப்பம் அதை எளிதில் நிற்க விடாது. அதுவும் தங்கூசியின் கனம் அச்சிலிருந்து தள்ளி, வெளி விளிம்பில் கிடக்கிறது. எனவே பாதியைக் குறைத்தால் எடைக் குறைவைவிட அதிகமான பலன் கிடைக்க வேண்டும்.

மாலையில் மைதானத்தில் அது சரி என்று தெரிந்தது. 60 மீற்றர் தங்கூசியோடு 10 கிராம் குண்டு சிக்கில்லாமல் பறந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பற்சக்கர விகிதம் 7.2, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.2 முறை சுழலும். நிறையத் தங்கூசி இருந்தபோது சுற்றின் விட்டம் 30 மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு 68 சென்ரிமீற்றர் உள்ளே வந்தது. இப்போது அளவுநாடாவில் 55தான் வருகிறது. முப்பது மீற்றருக்கு அப்பால் வீசும் தேவை நம் கரைகளில் குறைவு என்பதால் இந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

2024 பெப்ரவரி 17, சனி

கொத்மலை நீர்த்தேக்கம். 1985இல் முடிந்த 87 மீற்றர் உயர அணைக்குப் பின்னால், கொத்மலை ஓயாவின் நீர் பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கிறது. நீர் நன்றாக வற்றும் காலங்களில் மூழ்கிப்போன கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும். இன்று நீர் அந்த அளவுக்கு இறங்கவில்லை.

பெரியப்பாவும் கூட வந்தார். அவர் கையில் சுற்றிய தங்கூசியும் பாண் உருண்டையுமாகத் திலாப்பியாவுக்குக் குந்திவிட்டார். 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன்தான் இன்று நீர்த்தேக்கக் கரையெங்கும் அடுப்பேறுகிறது. மூன்று மணி நேரத்தில் அவருக்கு ஏழு கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ரீலைப் பற்றி நிறையக் கற்றேன். காலை ஒன்பது மணி வரை காற்றில்லை. இரையாகக் கட்டிய 12 கிராம் ரப்பர் தவளை நினைத்த இடத்துக்கு ஓரடி இரண்டடி வேறுபாட்டில் போய் விழுந்தது. ஸ்பின்னிங் ரீலில் இவ்வளவு துல்லியம் எனக்கு வாய்த்ததில்லை. கட்டைவிரல் ஸ்பூலின் மேலேயே இருப்பதால், தவளை செடிக்கு மேல் போகும்போதே தடுத்து இறக்கிவிட முடிகிறது. ஒன்பதுக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து எதிர்க்காற்று ஏறியது. எதிர்க்காற்றில் தவளை திடீரென்று தளர்ந்துபோக, ஸ்பூல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் நின்று வீசுபவர் பிரேக்கை இரண்டு எண் கூட்டி, தாழ்வாக வீச வேண்டும். ஒரு சிக்கில் பத்து மீற்றர் தங்கூசியை அறுத்தே போட வேண்டியதாயிற்று. அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். கரையில் விட்டால் பறவைகளின் காலில் மாட்டிக்கொள்ளும்.

2024 பெப்ரவரி 23, வெள்ளி

நவம் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். சுற்றியுள்ள கிராமத்தார் சில் எடுத்து விரதமிருக்கும் நாளில் அவர்களுடைய கரையில் நான் தூண்டில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் மைத்துனரை வரச்சொல்லி ரீலைக் கழற்றினோம். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பழைய வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி, கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்ட பிறகே அடுத்ததைத் தொட்டார்.

பெட்டியில் 18+1 பேரிங் என்று இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஐந்து குண்டுப் பேரிங், கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் ஓர் ஒருவழி உருளைப் பேரிங். மற்ற இடங்களில் பிளாஸ்ரிக் வளையங்கள். இதை நான் பெருங்குறையாக நினைக்கவில்லை, ஏனென்றால் வீச்சுக்கு வேண்டியவை ஸ்பூலின் இரு பக்கமும் இருக்கும் இரண்டே. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று அச்சடித்து விற்பது ஏமாற்று. அதை மனதார எதிர்க்கிறேன்.

அந்த இரண்டு பேரிங்கிலும் தடித்த கிரீஸ் அடைத்திருந்தது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காய்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டதும், விரலால் சுண்டிய ஸ்பூல் முன்பைவிட ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் சுழன்றது. பற்சக்கரங்கள் பித்தளை, வெட்டும் ஒழுங்காக இருக்கிறது என்று மைத்துனர் சொன்னார். அவர் அப்படிச் சொன்னால் நான் நம்புவேன்.

ஒரு தவறும் நடந்தது. பற்சக்கரத்துக்குப் பூசிய கிரீஸை ஒருவழிப் பேரிங்குக்கும் தடவிவிட்டோம். பூட்டிய பிறகு கைப்பிடி இரண்டு திசையிலும் சுழன்றது. கிரீஸ் சேர்ந்தால் உருளைகள் அச்சைக் கவ்வாது. மறுபடியும் கழற்றி, துடைத்து, மெல்லிய எண்ணெய் தொட்டும் தொடாமலும் வைத்ததும் சரியானது. “நல்லா வேலை செய்யிற இடத்துல நாம கைய வச்சிட்டோம் மச்சான்” என்று வருத்தப்பட்டார்.

2024 பெப்ரவரி 24, சனி

டிராக் சோதனை. மீன் பலமாக இழுத்தால் தங்கூசி அறுவதற்கு முன் ஸ்பூல் வழுக்கி விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கான இறுக்கம்தான் டிராக். பெட்டியில் 8 கிலோ என்று இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி, அதன் கொக்கியில் தங்கூசியைக் கட்டி, நட்சத்திரச் சக்கரத்தை முழுதும் இறுக்கிவிட்டு இழுத்தோம். நான்கு கிலோவைத் தாண்டியதும் ஸ்பூல் வழுக்கத் தொடங்கியது. ஐந்து முறையும் ஏறத்தாழ அதே இடம். அரைக் கிலோவுக்குள் இந்தத் தராசு நுட்பமாகக் காட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கூசிக்கு நான்கு கிலோவே போதும். வழுக்கும்போது வெட்டி வெட்டி இழுக்காமல் சீராகப் போனது எனக்கு மிகவும் பிடித்தது.

2024 மார்ச் 3, ஞாயிறு

விரால் கிடைத்தது!

விடியற்காலை மூடுபனி விலகாத நேரம். குடாவின் ஓரத்தில் செடி அடர்ந்த இடம். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன், அடிக்கடி மேலே வந்தே தீர வேண்டும். “மூச்செடுத்த இடத்துலயே போடாத தம்பி, ரெண்டு முழம் தள்ளிப் போட்டு அதுக்கு மேலால இழுத்து வா” என்று பெரியப்பா மெதுவாகச் சொன்னார். நீரில் வளையம் விரிந்ததும் அதற்கு அப்பால் தவளையை வீசி, கட்டைவிரலை வைத்து, சத்தமில்லாமல் இறக்கினேன். மூன்று சுற்றுத்தான் சுற்றியிருப்பேன். செடி பிளந்து தவளை மறைந்தது. உடனே இழுக்காமல் ஒரு மூச்சு பொறுத்து, கம்பைத் தூக்கிக் கொக்கியை ஏற்றினேன். செடிக்குள் புக அது திரும்பியபோது டிராக் இரண்டு முறை சீராக விட்டுக்கொடுத்தது. பற்சக்கரத்தில் வழுக்கலோ நடுக்கமோ இல்லை. கரையில் அளந்தபோது 46 சென்ரிமீற்றர். பெரியம்மா புளி கரைத்து வைத்த குழம்பைப் பற்றி எழுதத் தொடங்கினால் ரீலை மறந்துவிடுவேன்.

2024 மார்ச் 9, சனி

பிற்பகல் மழை. நனைந்த ரீல் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கவே ஒரு மணி நேரம் நின்றேன். வீச்சு ஐந்து மீற்றர் குறைந்தது. பிரேக்கை ஓர் எண் குறைத்ததும் பாதி திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து துடைத்தபோது, தங்கூசியை இடமும் வலமுமாகப் பரப்பிச் சுற்றும் வழிகாட்டியில் மெல்லிய அரைபடும் ஓசை கேட்டது. அதன் புரித்தண்டின் பள்ளத்தில் கரைச் சேறு புகுந்திருந்தது. பழைய பற்தூரிகையால் துலக்கி எண்ணெய் விட்டதும் ஓசை நின்றது. ஆனால் அந்தப் பள்ளத்தில் ஓடும் சிறிய பல்லின் நுனி ஒரு பக்கம் தேய்ந்து மினுங்குவதைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் இவ்வளவு தேய்மானம் அதிகம். மைத்துனர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையின் பழைய பித்தளைத் துண்டில் அரத்தால் ஒன்று செய்து தருவதாகச் சொல்லி, அளவெடுக்கக் கொண்டுபோயிருக்கிறார். அது வரும் வரை 12 கிராமுக்குக் குறைந்த இரைகளைப் பழைய ஸ்பின்னிங் ரீலில்தான் வீசப்போகிறேன். அது வந்த பிறகும் அப்படித்தான்.