படிவத்தின் இரண்டாம் பக்கம்: மகனுக்கு ஏடிஎச்டி ரிப்போர்ட் வாங்கிய அனுபவம்

ஒரு வழியாக ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. மகனுக்கு இருப்பது ஏடிஎச்டிதான் (கவனம் நிலைக்காமலோ, அளவுக்கு மீறித் துறுதுறுவென்றோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கும் நிலை) என்று எழுத்தில் வாங்குவதற்குள் நானும் கணவரும் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. அதில் பாதிக்கு மேல், பள்ளியிலிருந்து வரவேண்டிய ஒரே ஒரு படிவத்தால் வந்தது. இப்போதுதான் இந்த வேலையில் இறங்கியிருக்கும் பெற்றோருக்காக எங்கெங்கே மாட்டிக்கொண்டோம் என்று எழுதி வைக்கிறேன். எனக்கு இன்னும் கோபம் முழுசாக ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பையனுக்கு எட்டு வயது. சரியான வாலு. பல் தேய்க்கப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு, அலமாரியில் இருந்த கடிகாரத்தை எடுத்துக் கழற்ற உட்கார்ந்துவிடுவான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழும். வரிசை என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. சொந்தக்காரர்கள் எல்லாரும் "பையன்னா அப்படித்தான் இருப்பான்" என்பார்கள். அந்தக் குறும்பு எங்களுக்கும் பிடிக்கும், அவன் இல்லாவிட்டால் வீடு வெறிச்சோடிப் போகும். ஆனால் என் கையை உதறிவிட்டுச் சாலையில் ஓடும்போது நெஞ்சே நின்றுவிடும். வாயால் கேட்டால் கடகடவென்று சொல்கிற பாடத்தை நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு அப்படியே நிறுத்திவிடுவான். ஒரு நாள் "அம்மா, நான் முட்டாளா?" என்று கேட்டான். அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

கண், காது பரிசோதனை இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன. சரியாகக் காது கேட்காத பிள்ளையும் சரியாகத் தூங்காத பிள்ளையும் பார்வைக்கு இதே மாதிரி கவனமில்லாமல் தெரிவார்கள் என்பதால் அதை முதலில் பார்த்துவிடச் சொன்னார்கள். நியாயம்தான்.

சிக்கல் தொடங்கியது மனநல மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில். ஃபோனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது பெயர், வயது தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் லீவு போட்டு, பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிக்கொண்டு போனோம். வரவேற்பு மேசையில் இருந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஸ்கூல் ஃபார்ம் எங்கே? அது இல்லாம டாக்டர் பார்க்க மாட்டார்" என்றார். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் தெரியுமே" என்று பதில். வெற்றுப் படிவங்களை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். நேரம் குறிக்கும்போதே, வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள். முடிந்தால் அதை மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கொடுத்தது வாண்டர்பில்ட் படிவம், பிள்ளையின் நடத்தையைப் பற்றிக் கேட்கும் கேள்வித்தாள். பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. இதை எதற்கு இவ்வளவு முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்றால், ஏடிஎச்டியைக் காட்டித்தருகிற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்று கூட இருப்பவர்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதுவும் வீட்டில் மட்டும் இருந்தால் போதாது. பள்ளி மாதிரி இன்னொரு இடத்திலும் தெரிய வேண்டும், 6 மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் இருக்கும் விதி இது. அதாவது ஆசிரியர் நிரப்பும் காகிதம் சரியில்லை என்றால், வீட்டில் நீங்கள் படும் பாட்டை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

எங்களுக்கு அப்படியே நின்றது.

படிவம் பள்ளி அலுவலகத்திலேயே கொஞ்ச காலம் தூங்கியது. வகுப்பு ஆசிரியை நிரப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார், அலுவலகத்தில் இருந்தவரோ தலைமை ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் வெளியே தர முடியாது என்கிறார், தலைமை ஆசிரியர் கூட்டத்தில் இருக்கிறார். கடைசியில் ஒட்டிய உறையில் வாங்கி, பிரிக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொடுத்தோம்.

மருத்துவரின் அறையில் என் பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்! புது இடம், புது ஆள், அவனிடம் மட்டும் பேசுகிற பெரியவர். கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது வழக்கம்தான், ஒருவரோடு ஒருவராகப் பேசும் புது இடத்தில் பல பிள்ளைகள் இப்படி அடங்கி இருப்பார்கள் என்று அந்த மருத்துவரே சொன்னார். ஆனால் உறையைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தவர், "ஸ்கூல்ல பிரச்சினை ஒண்ணும் தெரியலையே, வீட்டுல மட்டும்தான் போல" என்றார். வீட்டில் மட்டும் என்றால் என்ன அர்த்தம்? வளர்ப்பு சரியில்லை என்றுதான் என் காதில் விழுந்தது.

அந்தப் படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று.

முதல் பக்கத்தில் எல்லா டிக்கும் ஒரே பத்தியில், மேலிருந்து கீழ்வரை கோடு போட்ட மாதிரி: எல்லாமே "எப்போதாவது". இந்தப் பகுதியில் அளவுகோல் 0 முதல் 3 வரை, அதில் இது 1. "அடிக்கடி", "மிக அடிக்கடி" என்கிற 2, 3 மட்டும்தான் கணக்கில் வரும். 1 போட்டால் அந்த அறிகுறி இல்லாதது போலத்தான். இத்தனை காலமாகப் பிள்ளையைக் கவனித்து வருகிறேன் என்று எழுத வேண்டிய இடம் காலி.

இரண்டாம் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே வாசிப்பு, கணக்கு, எழுத்து, சக மாணவர்களோடு பழக்கம், வேலையை முடிப்பது என்று வரிசையாக இருக்கும். அளவுகோல் 1 முதல் 5 வரை. இதில் 1 என்றால் மிக நன்று, 5 என்றால் சிரமம். ஆசிரியை மார்க் போடுகிற கையால் போட்டிருந்தார். வாசிப்புக்கு 3, கணக்குக்கு 2, எழுத்துக்கு 1. ஒரு பக்கம்கூட முடிக்காத நோட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து மிக நன்று என்று அந்தக் காகிதம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு இடத்திலாவது 4 அல்லது 5 இல்லை என்றால், முதல் பக்கத்தில் எத்தனை அறிகுறி இருந்தும் பயன் இல்லை.

மருத்துவரிடம் அவன் நோட்டை எடுத்துக் காட்டினேன். நல்லவேளை, பையில் இருந்தது. இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து மறுபடி நிரப்பி வாங்கி வரச் சொன்னார்.

இந்த முறை அலுவலகத்தை நம்பவில்லை. பள்ளி விட்டதும் ஆசிரியையை நேரில் பார்த்தேன். சண்டை போடும் மனநிலையில்தான் போனேன். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும் பேச்சு வரவில்லை. "இதை எழுதினா அவன் பேர் கெட்டுடுமோன்னு பயமா இருந்துதுங்க. நல்ல பையன். அதான் எல்லாத்தையும் குறைச்சுப் போட்டேன்." அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. எப்படி நிரப்புவது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் படிவத்தை நீட்டிவிட்டவர்கள்மேல்தான் கோபம். குறைத்துப் போட்டால் அவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவிதான் குறையும் என்று சொல்லி, பின்பக்கத்தில் எண்கள் தலைகீழாக இருப்பதையும் காட்டினேன். என் முன்னாலேயே நிதானமாகப் படித்து நிரப்பினார். யாரும் கேட்காமலே, தனித்தாளில் வகுப்பில் நடப்பதையும் எழுதிக் கொடுத்தார். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது பாதியில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைப் போட்டுப் போட்டு எடுப்பான், கூப்பிட்டால் உடனே வந்துவிடுவான், எதை எழுதிக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோயிருக்கும். அந்தத் தாள் ரிப்போர்ட்டில் அப்படியே இடம்பெற்றிருக்கிறது.

நீங்கள் போகும்போது நோட்டுப் புத்தகங்கள், டைரியில் வந்த குறிப்புகள், பழைய ரேங்க் கார்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் படிவத்தையும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். பெண் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஓடாமல் ஆடாமல் கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் ஏடிஎச்டி இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி வகுப்பில் புகாரே வராது. அதனால் படிவத்தை நிரப்பும் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது இன்னும் அவசியம்.

அடுத்த சந்திப்பு சட்டென்று முடிந்தது. கவனக்குறைவில் 9 அறிகுறி, துறுதுறுப்பிலும் அவசரத்திலும் 9 அறிகுறி என்று இரண்டு பட்டியல். இரண்டில் ஏதாவது ஒன்றில் 6 இருந்தாலே கணக்கில் எடுப்பார்கள். இவனுக்கு இரண்டிலுமே தாண்டியது. கணவர் அப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவன் வேணும்னே செய்யுறானா டாக்டர்?" இல்லை என்றார். 2007-ல் வந்த ஒரு மூளை ஆய்வைப் பற்றிச் சொன்னார். மூளையின் மேலுறை முதிர்ச்சி அடைவது ஏடிஎச்டி இருக்கும் பிள்ளைகளில் சராசரியாக 3 வருடம் தள்ளிப் போகிறதாம். அன்றைக்கு இரவு கணவர் பையனைத் திட்டவில்லை, குழாயைத் தானே போய் மூடினார்.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது தனி வேலை. சர்க்கரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லாத ஆள் இல்லை. சர்க்கரைக்கும் பிள்ளைகளின் நடத்தைக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த 23 ஆய்வுகளைச் சேர்த்து 1995-லேயே அலசிவிட்டார்கள், தொடர்பு தெரியவில்லை. "கட்டைகளை வெச்சு மணிக்கணக்கா வீடு கட்டுறானே, அப்போ மட்டும் எப்படிக் கவனம் வருது?" என்பது அடுத்த கேள்வி. பிடித்த வேலையில் மூழ்கிப் போவதும் இதில் சேர்ந்ததுதான். கவனம் இருக்கிறது, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் கஷ்டம். இப்படிச் சொன்ன பிறகு பாட்டி மட்டும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோர் பயிற்சி, அதற்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்த்து என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதல். எங்கள் மருத்துவரும் அப்படித்தான் செய்தார். மருந்து மெத்தில்ஃபெனிடேட். பல நாடுகளில் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் மருந்து இது. தேதி கடந்த சீட்டைக் கொண்டுபோனதால் மருந்துக்கடையில் கொடுக்கவே இல்லை, வெறுங்கையோடு திரும்பினோம். சீட்டின் தேதியையும், கைவசம் எத்தனை மாத்திரை மிச்சம் என்பதையும் காலண்டரில் குறித்துவையுங்கள். மதியம் பசி குறையும். சாப்பாட்டு டப்பா நிறைந்தபடியே வீடு திரும்பும். காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட வைத்து, மீதியை மாலையில் ஈடுகட்டுகிறோம். எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு இவற்றை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவற்றில் எங்களுக்குக் கைகொடுத்தது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. "குளிச்சிட்டு, சட்டை மாத்திட்டு, பையை எடுத்துட்டு வா" என்றால் முதல் வேலையோடு மற்ற இரண்டும் காற்றில் போய்விடும். இப்போது பக்கத்தில் போய், குனிந்து, கண்ணைப் பார்த்து ஒன்று மட்டும் சொல்கிறேன். முடித்ததும் அங்கேயே பாராட்டு. இரவுக்குத் தள்ளிப்போட்ட பாராட்டு அவனுக்கு எட்டவே இல்லை. வீட்டுப்பாடத்துக்கு டைமர் வைத்து, மணி அடித்ததும் வீட்டைச் சுற்றி ஓடிவிட்டு வந்து மறுபடி உட்காருகிறான். போன வாரம் கணக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதி முடித்துக் கொண்டுவந்து நீட்டினான். பக்கத்தின் மூலையில் கடிகாரம் ஒன்றை வரைந்து வைத்திருந்தான், பற்சக்கரங்களோடு.

அடுத்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் படிவம். அதிலும் ஆசிரியர் பக்கம் உண்டு, பக்க விளைவுகளைக் கேட்கும் பகுதியும் உண்டு. புது வகுப்பில் புது ஆசிரியர் வந்திருக்கிறார். கொடுப்பதற்கு முன்பே எண் வரிசைக்கு மேலே சிவப்பு மையில் எழுதிவிட்டேன்: "இங்கே 1 நன்று, 5 சிரமம். தயவுசெய்து குறைத்துப் போட வேண்டாம்." மறுநாளே நிரப்பிக் கொடுத்துவிட்டார், இரண்டு பக்கமும்.